பிடிமானத்தின் வரவு-செலவு

நார்வே நாட்டில் 1979-ஆம் ஆண்டு ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. புதிதாக ஓட்டுநர் உரிமம் பெறுவோர் அனைவரும் வழுக்குத் தளத்தில் கார் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயம் பெற வேண்டும் என்பதே அந்த விதி. குளிர்காலம் முழுவதும் பனி உறைந்த சாலைகளில் வாகனம் ஓட்டியாக வேண்டிய நாட்டில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. சறுக்கும் காரை மீட்கத் தெரிந்தவர் விபத்தில் சிக்கமாட்டார் என்றே எவரும் எண்ணுவர்.

முடிவு வேறாக இருந்தது. ஓஸ்லோவில் உள்ள போக்குவரத்துப் பொருளியல் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தப் பயிற்சிக்குப் பிறகு இளம் ஆண் ஓட்டுநர்களின் விபத்துகள் குறையவில்லை, மாறாக, அதிகரித்தன.

கற்ற திறன் எப்படிக் கற்றவருக்கே பகையாக முடியும்? சாலைப் பாதுகாப்பு நிபுணர்களையும் பொருளியலாளர்களையும் ஒருசேரச் சிந்திக்க வைத்த கேள்வி இது. விடை காண, ஒரு கார் எவ்வாறு கட்டுப்பாட்டை இழக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது மிகத் தெளிவாக வெளிப்படும் இடம், பின்சக்கரங்களால் இயங்கும் ஸ்போர்ட்ஸ் கார்.

ஒரு காரையும் சாலையையும் இணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வளைவில் திரும்பும்போது இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிமானமே காரை வளைவுக்குள் நிறுத்தி வைக்கிறது. வேகம் மிகும்போது முன் டயர்கள் முதலில் பிடி இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் நேராகவே செல்லும். இதற்கு ‘அண்டர்ஸ்டியர்’ என்று பெயர். பின் டயர்கள் முதலில் பிடி இழந்தால், காரின் பின்பகுதி வளைவுக்கு வெளியே வீசப்படும். ஓட்டுநர் கேட்டதைவிட அதிகமாகக் கார் திரும்பிவிடும். இதுவே ‘ஓவர்ஸ்டியர்’. தக்க தருணத்தில் தடுக்காவிட்டால் கார் பம்பரம்போலச் சுழன்றுவிடும்.

பின்சக்கர இயக்கம் நமக்கு அந்நியமானதன்று. நாம் பல பத்தாண்டுகள் பயணம் செய்த அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அந்த வகையைச் சேர்ந்தவையே. 1983-இல் வந்த மாருதி 800 முன்சக்கர இயக்கத்தை நம் நாட்டில் பரவலாக்கியது. பழைய கார்களில் எஞ்சினின் ஆற்றல் குறைவு என்பதால் ஓவர்ஸ்டியர் என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களை வடிவமைப்போர் இன்றும் பின்சக்கர இயக்கத்தை விரும்புவதற்குக் காரணம், அதிலுள்ள வேலைப் பிரிவினை. திருப்புவது முன் டயர்களின் வேலை. உந்தித் தள்ளுவது பின் டயர்களின் வேலை. வேகமெடுக்கும்போது காரின் எடை பின்னோக்கிச் சாய்வதால், உந்தும் சக்கரங்களுக்குக் கூடுதல் பிடிமானமும் கிடைக்கிறது.

ஆனால், வளைவில் பின் டயர்களுக்கு இரட்டைப் பொறுப்பு வந்து சேர்கிறது. காரை முன்னோக்கித் தள்ளவும் வேண்டும். பின்பகுதி வெளியே வீசப்படாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். கையிருப்போ ஒன்றுதான். பொருளியல் கற்பித்தவனுக்கு இது நன்கு பழக்கமான சிக்கல்: அளவான ஒரு வளத்தை இரு தேவைகளுக்கிடையே எப்படிப் பங்கிடுவது?

பொறியாளர்கள் இதை ‘உராய்வு வட்டம்’ என்பர். ஒரு டயரின் மொத்தப் பிடிமானத்தை 100 அலகுகள் என்று வைத்துக்கொள்வோம். உந்துவதற்கு 60 அலகுகளைச் செலவிட்டால், பக்கவாட்டுப் பிடிக்கு 40 அல்ல, 80 அலகுகள் எஞ்சும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் செயல்படுவதால் பிதாகரஸ் தேற்றத்தின் கணக்கே இங்கும் பொருந்துகிறது. உந்துவிசையை 80 ஆக உயர்த்தினால் எஞ்சுவது 60. முழுவதையும் உந்துவதற்கே செலவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதல் 60 அலகுகளுக்கு நாம் கொடுத்த விலை வெறும் 20. அடுத்த 40 அலகுகளுக்குக் கொடுக்கும் விலையோ 80. இறுதிநிலைச் செலவு எல்லையை நெருங்க நெருங்கக் கிடுகிடுவென உயர்கிறது. ஆக்ஸிலரேட்டரை முக்கால் பங்கு மிதிக்கும்வரை எதுவும் நேராதது கண்டு துணிவு பெற்ற ஓட்டுநர், இன்னும் சிறிது மிதித்ததும் பின்பகுதி வீசப்படுவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

வேகத்தின் கணக்கும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. வளைவில் காரை நிறுத்தி வைக்கத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மணிக்கு 40 கி.மீ. என்பது 60 ஆக உயர்ந்தால், தேவைப்படும் பிடிமானம் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு ஆகிறது. 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமதள வளைவை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.9 ஆக உள்ள நல்ல உலர்ந்த சாலையில், கோட்பாட்டளவில் மணிக்கு ஏறத்தாழ 75 கி.மீ. வரை அந்த வளைவைக் கடக்கலாம். மழையில் அது 0.5 ஆகக் குறைந்தால் வரம்பு 56 கி.மீ.; பனிக்கட்டியின் மீது 0.1 என்றால் 25 கி.மீ. மட்டுமே. சாலை அதுவே, காரும் அதுவே, ஓட்டுநரும் அவரே. மாறியது கையிருப்பு மட்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது மனித இயல்பையே எதிர்த்து நிற்பது. வளைவின் நடுவே வேகம் அதிகம் என்று தோன்றினால், எவரும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுப்பார். அல்லது பிரேக்கை மிதிப்பார். அந்தக் கணத்தில் காரின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. பின் டயர்களின் மீதான சுமை குறைகிறது. சுமை குறைந்தால் பிடிமானமும் குறையும். காப்பாற்றிக்கொள்ளச் செய்த செயலே பின்பகுதியை வீசச் செய்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று போர்ஷே 911. 1963-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காரில், எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. வால்புறத்தில் பளு மிகுந்த கார், வளைவில் ஊசலைப்போல நடந்துகொள்ளும். காலை எடுத்ததும் பின்பகுதி முந்தப் பார்க்கும். உற்பத்தியாளர்களே 1969-ஆம் ஆண்டு மாடல் முதல் முன்-பின் அச்சுகளுக்கிடையேயான தொலைவை 57 மில்லிமீட்டர் நீட்டித்து இதைத் தணிக்க முயன்றனர். 1975-இல் வந்த 911 டர்போவில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த சிறிது நேரம் கழித்தே டர்போவின் ஆற்றல் வரும். அதுவும் வளைவின் நடுவே மொத்தமாக வரும். அதற்கு ‘விதவையாக்கும் கார்’ என்ற பட்டப்பெயர் எழுந்தது வியப்பன்று.

அமெரிக்காவில் இதே போன்று பின்புறம் எஞ்சின் கொண்ட ஷெவர்லே கார்வேர், பொதுக்கொள்கையின் வரலாற்றிலேயே இடம்பெற்றது. ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட ‘எந்த வேகத்திலும் ஆபத்து’ என்ற நூலின் முதல் அத்தியாயம் அந்தக் காரைப் பற்றியதே. அடுத்த ஆண்டே அங்கு மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால், 1972-இல் அரசு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அக்கால மற்ற கார்களைவிட கார்வேர் மோசமானதன்று என்று கூறியது. குறை காரிலா, ஓட்டுபவரிலா என்ற வாதம் அன்றிலிருந்து தொடர்கிறது.

சரி, ஓவர்ஸ்டியரைக் கட்டுப்படுத்துவது எப்படி? சொல்வதற்கு எளிது. பின்பகுதி எந்தப் பக்கம் வீசப்படுகிறதோ, அதே பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பின்பகுதி வலப்புறம் சென்றால் ஸ்டீயரிங்கும் வலப்புறம். பிரேக்கைத் தொடக்கூடாது. மிகுதியாக மிதித்ததால் வந்த சறுக்கல் என்றால், ஆக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சட்டெனக் காலை எடுத்ததால் வந்தது என்றால், மெல்ல மீண்டும் மிதித்து எடையைப் பின்புறம் திருப்பியனுப்ப வேண்டும். பார்வை மோதவிருக்கும் மரத்தின்மீது அல்லாமல், போக வேண்டிய பாதையின்மீது இருக்க வேண்டும். கண் போகும் இடத்துக்கே கையும் போகும்.

இவற்றைவிடக் கடினமானது அடுத்து வருவது. டயர்கள் மீண்டும் பிடிமானம் பெறும் கணத்தில் ஸ்டீயரிங்கை விரைந்து நேராக்கியாக வேண்டும். தாமதித்தால், கார் எதிர்ப்புறமாக வீசப்படும். இந்த இரண்டாம் வீச்சு முதல் வீச்சைவிடக் கடுமையாக இருப்பதுண்டு. முதல் சறுக்கலை மீட்டுவிட்டோம் என்று நிம்மதி அடைந்த பலர் இரண்டாவதில் வீழ்ந்துள்ளனர்.

இத்தனையும் நிகழக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியோ அதற்கும் குறைவோதான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். சிந்தித்துச் செயல்பட அவகாசம் இல்லை. ஆகவே இது நூலால் கற்பதன்று, உடலால் கற்பது. நீர் பாய்ச்சிய வட்டத் தளங்களிலும், பின்சக்கரங்கள் கடக்கும்போது திடீரெனப் பக்கவாட்டில் நகரும் இரும்புத் தகடுகள் மீதும் ஓட்டுநர்களைப் பழக்கும் பயிற்சி மையங்கள் ஐரோப்பாவில் உண்டு. அங்கு முப்பது, நாற்பது முறை சுழன்ற பிறகே இருக்கையின் வழியாக உடல் உணரும் முதல் நழுவலை மனம் இனம் காணத் தொடங்குகிறது.

இப்போது நார்வேயின் புதிருக்குத் திரும்பலாம். பயிற்சித் தளத்தில் சில மணி நேரம் சறுக்கி மீண்ட இளைஞர், இரண்டு பொருள்களைப் பெற்றுத் திரும்புகிறார். ஒன்று, திறன், மற்றொன்று, திறன் இருக்கிறது என்ற நம்பிக்கை. திறன் பழக்கமின்றி சில மாதங்களில் மங்கிவிடுகிறது. நம்பிக்கையோ அப்படியே தங்கிவிடுகிறது. முன்பு பனிச் சாலையைக் கண்டு வீட்டிலேயே இருந்தவர், இப்போது துணிந்து புறப்படுகிறார். முன்பு 40-இல் கடந்த வளைவை 55-இல் கடக்கிறார். கிடைத்த பாதுகாப்பை அவர் சேமிப்பில் வைக்கவில்லை, வேகமாகச் செலவழித்துவிட்டார்.

சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதே தர்க்கத்தைக் கார் பாதுகாப்பு விதிகள் அனைத்துக்கும் பொருத்தினார். பாதுகாப்பு கூடினால் மனிதர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வர். நன்மை ஈடழிந்துவிடும் என்றார் அவர். 1980-களில் மியூனிக் நகர டாக்சிகளில் நடந்த சோதனையும் அதற்கு வலுச் சேர்த்தது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திய டாக்சிகள், பொருத்தாதவற்றைவிடக் குறைவான விபத்துகளைச் சந்திக்கவில்லை. அவற்றின் ஓட்டுநர்கள் வளைவுகளில் மேலும் கூர்மையாகத் திரும்பியதும், முன்செல்லும் வாகனத்தை மேலும் நெருங்கிச் சென்றதும் தெரியவந்தது.

பெல்ட்ஸ்மனின் வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. இருக்கைப் பட்டி உயிர்களைக் காக்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் ஐயமற நிறுவின. அதைவிட வலுவான மறுப்பு ஒன்றும் இருக்கிறது. நம் பொருளோடு நேரடித் தொடர்புடையது அது.

1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமும் பாஷ் நிறுவனமும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை அறிமுகப்படுத்தின. ஸ்டீயரிங் திரும்பிய அளவையும் கார் உண்மையில் சுழலும் அளவையும் நொடிக்குப் பல முறை ஒப்பிட்டு, ஓவர்ஸ்டியர் தொடங்கியதுமே வெளிப்புற முன்சக்கரத்தில் மட்டும் பிரேக்கைச் செலுத்தி, காரை நேராக்கிவிடும் கருவி அது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரும் ஒற்றைச் சக்கரத்தில் பிரேக் போட முடியாது. 1997-இல் ஸ்வீடன் நாட்டு இதழ் ஒன்றின் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்ததை அடுத்து, அந்தச் சிறிய காரிலும் இக்கருவி கட்டாய அங்கமாயிற்று. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம். பிற வாகனங்களுடன் மோதாமல் தனித்து விபத்துக்குள்ளாகும் கார்களில் உயிரிழப்பு அபாயத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது.

இங்கே பாதுகாப்பு ஏன் வேகமாகச் செலவழிக்கப்படவில்லை? இருப்பது தெரியாத பணத்தை யாரும் செலவழிப்பதில்லை என்பதே என் விளக்கம். நிலைப்புக் கட்டுப்பாடு ஓசையின்றிச் செயல்படுகிறது. பெரும்பாலான ஓட்டுநர்கள் அது தலையிட்டதை ஆண்டில் ஒருமுறைகூட உணர்வதில்லை. மாறாக, சறுக்குத் தளத்தில் காரை மீட்ட அனுபவம் நெஞ்சில் அழுத்தமாகப் பதிகிறது. உணரப்பட்ட பாதுகாப்பே துணிச்சலாக மாறுகிறது.

அப்படியானால், ஓவர்ஸ்டியரைக் கட்டுப்படுத்தக் கற்பதே வீணா? அவ்வாறு முடிவு செய்வது தவறு. எதைக் கற்பிக்கிறோம் என்பதை மாற்றினால் போதும். ஸ்வீடன் 1999-இல் தன் வழுக்குத் தளப் பயிற்சியின் நோக்கத்தையே மாற்றியமைத்தது. ‘சறுக்கலை மீட்கக் கற்றுக்கொள்’ என்பதற்குப் பதிலாக, ‘உன்னால் மீட்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்’ என்பது பாடமாயிற்று.

ஒரே வளைவை ஒரே காரில் முதலில் ஒரு வேகத்திலும், பிறகு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகவும் கடக்கச் செய்தால் போதும். முதல் முறை அமைதியாகத் திரும்பிய கார், இரண்டாம் முறை தளத்தை விட்டே வெளியேறும். அந்த ஐந்து கிலோமீட்டரே பாடம். நிலைப்புக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு அதே வளைவை மீண்டும் கடந்தால், அதுவரை தன் திறமை என்று எண்ணியதில் கருவியின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். தேய்ந்த டயரிலும் காற்றுக் குறைந்த டயரிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர், டயர் மாற்றும் செலவை ஒருபோதும் தள்ளிப்போடமாட்டார்.

இத்தகைய பயிற்சியின் உண்மையான பலன், நழுவிய காரை மீட்பதில் இல்லை. நழுவலுக்கு முந்தைய அறிகுறிகளை இனம் கண்டு, வளைவுக்கு முன்பே, கார் நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைக்கக் கற்பதில் இருக்கிறது. வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்திருப்பதும், ஸ்டீயரிங் நேராகத் திரும்பும் அளவுக்கேற்பவே அழுத்தத்தைக் கூட்டுவதும் பந்தய ஓட்டுநர்களின் ஆரம்பப் பாடங்கள். உராய்வு வட்டத்தின் கணக்கு அவர்கள் கால்களில் பதிந்திருக்கிறது.

இது நமக்கும் அவசரமான செய்தி ஆகிவிட்டது. ஆற்றல் மிக்க பின்சக்கர இயக்கக் கார்கள் முன்பு மிகச் சிலருக்கே உரியவை. இன்று மஹிந்திரா பிஇ 6 போன்ற மின்கார்கள் பின்சக்கர இயக்கத்துடனேயே வருகின்றன. மின்மோட்டாரின் முறுக்குவிசை மிதித்த கணமே முழுமையாக வந்துவிடும். அவற்றில் நிலைப்புக் கட்டுப்பாடு உண்டு என்பது ஆறுதல். ஆனால், எந்தக் கருவியும் இல்லாத பிடிமானத்தை உருவாக்கித் தராது. இருப்பதைச் சிக்கனமாகப் பங்கிட மட்டுமே அதனால் முடியும். நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் நீரோடு குழைந்து வழுக்கும்போது, கையிருப்பு எவ்வளவு என்பதை ஓட்டுபவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

சமூக ஊடகக் காணொலிகளைக் கண்டு, நள்ளிரவுச் சாலைகளில் காரைச் சறுக்க வைத்துப் பழகும் இளைஞர்கள் பெருகி வருகின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி அபாயகரமாக வாகனம் ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றம். அதைவிட முக்கியமானது, அந்தச் சாலையில் செல்லும் மற்றவர்கள் இந்தச் சோதனைக்குச் சம்மதம் அளிக்கவில்லை என்பது. பொருளியல் மொழியில் சொன்னால், ஒருவரின் இன்பத்துக்கான விலையை வேறொருவர் செலுத்துகிறார். கற்கும் ஆர்வம் உண்மையானது என்றால், இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. தேர்ந்த பயிற்றுநரை அருகில் அமர்த்தி, தலைக்கவசம் அணிந்து, சுற்றிலும் எவரும் இல்லாத தளத்தில் சுழன்று பழகுவதே முறை.

பிள்ளைக்கு விலையுயர்ந்த கார் வாங்கித் தரும் பெற்றோர், நல்ல பயிற்சிக்கான ஒரு நாள் கட்டணத்தையும் அந்த விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். உரிமம் வழங்கும் முறையைச் சீரமைக்க விரும்பும் அரசும், எட்டுப் போட்டுக் காட்டுவதோடு தேர்வை முடித்துவிடாமல், ஈரத் தளத்தில் நிற்கவும் திரும்பவும் எவ்வளவு தொலைவு தேவை என்பதை ஒருமுறையேனும் கண்கூடாகக் காட்ட வேண்டும். பயிற்சி முடிந்து திரும்பும் இளைஞர், ‘என்னால் எந்தச் சறுக்கலையும் மீட்க முடியும்’ என்று சொன்னால் அந்தப் பயிற்சி தோற்றுவிட்டது. ‘அந்த வளைவில் இனி மெதுவாகவே போவேன்’ என்று அவர் சொன்னால், கட்டிய கட்டணத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது.